வெறுந்தொட்டில்

சினிமா என்றாலே பொய் என்று சொல்லிக்கொண்டு, அதையே வாயைப் பிளந்து பார்க்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. நான் அந்தப் பொய்க்கு உள்ளேயே படுத்துக் கிடந்தவள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. படம் பேசாத அந்தக் காலத்தில், மடுல்சீமைப் பக்கத்து எங்கள் தோட்டத்தில் ஒரு வெள்ளைக்காரர் தேயிலைப் படம் பிடித்தார். அதில் ஒரு தொட்டில் வரும். அந்தத் தொட்டிலில் கிடந்த கைக்குழந்தை நான்தான். அப்போது எனக்கு ஆறு வயது.

தொட்டில் என் சின்னம்மாவுடையது. அம்மாவின் தங்கை அவள். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தில், எங்களுக்கு அடுத்த ஒற்றை அறைக் காம்பராவில் குடியிருந்தாள். அவளுக்குப் பிறந்த முதல் பிள்ளை, பெண் பிள்ளை, பல் முளைக்குமுன் நெஞ்சுச்சளி கட்டிப் போய்விட்டது. பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்த பிறகும் தொட்டிலைக் கழற்ற அவள் விடவில்லை. ஆள் நிமிர்ந்து நடக்க இடமில்லாத காம்பராவின் நடுவில் அந்தப் பழஞ்சேலை தொங்கிக்கொண்டே இருந்தது. சித்தப்பா குனிந்து போய்க் குனிந்து வருவார். கழற்றிவிடு என்று சொல்லிச் சொல்லி அவருக்கே அலுத்துவிட்டது. சின்னம்மா அழவில்லை, அதுதான் அம்மாவுக்குப் பயம். கொழுந்து கிள்ளப் போவாள், வருவாள், தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவாள். கை தன்னையறியாமல் அதன்மேல் போகும். உடனே யாராவது தடுத்துவிடுவார்கள். வெறுந்தொட்டிலை ஆட்டினால் அடுத்த பிள்ளை தங்காது என்பது லயத்துச் சட்டம். தோட்டத்தை ஆளும் வெள்ளைக்காரத் துரையின் சட்டத்தைக்கூட மீறலாம், இதை மீற முடியாது.

இந்த நிலையில்தான் ஒரு நாள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் துரை, சீமையிலிருந்து படக்காரர் வந்திருப்பதாகச் சொன்னார். நாங்கள் படும் பாட்டைப் பார்த்தால் சீமைச் சனங்கள் இன்னும் நிறையத் தேயிலை குடிப்பார்களாம். ஆனால் பாடு பாடாகத் தெரியக் கூடாது. பெண்கள் இடுப்புச் சாக்கையும் தலைக் கம்பளியையும் கழற்றிவிட்டு, தீபாவளிச் சேலையில் வரவேண்டும் என்று உத்தரவு. கொழுந்து முற்றிய மலையில் வெயில் இல்லை என்பதால், முந்தின நாள் கிள்ளி முடித்த மலையிலேயே அவர்களைத் திரும்ப நிறுத்தினார்கள். இல்லாத கொழுந்தை அவர்கள் இரண்டு கையாலும் கிள்ளிக் கூடைக்குள் போட்டார்கள். கூடையின் அடியில் காய்ந்த புல்லும், மேலே ஒரு கை கொழுந்தும் இருந்தன. மறுநாளெல்லாம் லயத்தில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு படக்காரருக்குத் தொட்டில் ஆசை வந்தது. தேயிலைக்கு நடுவில் தாய் ஒருத்தி பிள்ளையைத் தாலாட்ட வேண்டும். பிள்ளை பெற்றவள் ஒருத்தியும் அசையவில்லை. மூன்று காலில் நிற்கிற அந்தப் படப்பெட்டி பச்சைப் பிள்ளையின் ஆயுசைக் குடித்துவிடும் என்று முந்தானையைப் போட்டுப் பிள்ளைகளை மூடிக்கொண்டார்கள். கங்காணி யோசித்தார். தொட்டிலாவது கிடைத்தால் உள்ளே எதையாவது வைத்துச் சமாளிக்கலாம் என்று சின்னம்மாவின் வாசலுக்கு வந்தார். வந்தவர் அதை அம்மாவின் காதில் மட்டும் போட்டார். அம்மாதான் விஷயத்தைச் சொன்னாள்.

“தொட்டில் போற எடத்துக்கு நானும் வருவேன்,” என்றாள் சின்னம்மா. பல வாரத்துக்குப் பிறகு அவள் சேர்ந்தாற்போல் பேசினது அதுதான்.

மலையில் ஒரு மரத்தில் தொட்டிலைக் கட்டினார்கள். நிழலில் படம் விழாது என்று கிளைகளையெல்லாம் வெட்டித் தள்ளினார்கள். பிள்ளையை நட்ட நடு வெயிலில் தொங்கவிடுகிற தாய் எந்த ஊரில் இருக்கிறாளோ தெரியாது. உள்ளே ஒரு கம்பளியைச் சுருட்டி வைத்தார்கள். படக்காரர் பெட்டிக்குள் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். மூட்டை மாதிரி இருக்கிறதாம், உயிர் இல்லையாம். அதைத் துரை தமிழில் சொன்னபோது சின்னம்மா கம்பளியை வெளியே எடுத்துக் கீழே வைத்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

என் அம்மா என்னைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். அம்மாவுக்கும் அந்தப் பெட்டி பயம்தான். ஆனால் தங்கையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் கரியைத் தொட்டு என் கன்னத்திலும் உள்ளங்காலிலும் பொட்டு வைத்து, என்னைத் தூக்கி அவள் கையில் கொடுத்தாள். நான் வயதுக்கு வளராத சோணி. சேலைக்குள் மடக்கிப் போட்டதும் அடங்கிவிட்டேன். கால் பெரியதாகத் தெரிகிறது என்று உள்ளே தள்ளினார்கள். விரல்களை மட்டும் வெளியே ஆட்டச் சொன்னார்கள். என் சினிமா வாழ்வு அந்த விரல்களோடு சரி.

துரை எங்கள் தமிழை அதிகாரம் பண்ணுவதற்கு மட்டுமே படித்தவர். “பொம்பள, நீ பாடு. நீ சிரி. பொட்டி பாக்காதே,” என்றார். படக்காரர் கைப்பிடியைச் சுற்ற, பெட்டி மாவரைக்கிற சத்தம் போட்டது. அந்தச் சத்தத்தில் சின்னம்மா பாடியது அவர்கள் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. ஆராரோ என்று தொடங்கி, இறந்துபோன பிள்ளையைக் கூப்பிடுவதுபோல என்னைச் சின்னக்குட்டி என்று கூப்பிட்டாள். ஆள் தெரியாமல் கூப்பிடுகிறாளே என்று நான், “சின்னம்மா, இது நான்” என்றேன்.

“தெரியும்டி. கொஞ்ச நேரம் பேசாம படுத்துக்க.”

சொல்லிவிட்டு நிமிர்ந்து, நேராகப் பெட்டியைப் பார்த்தாள். படக்காரர் கையை நிறுத்திவிட்டார். துரை சத்தம் போட்டார். திரும்பவும் முதலிலிருந்து ஆட்டினாள், பாடினாள். பாட்டு முடிகிற நேரத்தில் மறுபடியும் பெட்டியைப் பார்த்தாள். மறுபடியும் நிறுத்தினார்கள். இப்படியே நடந்தது. படக்காரர் வேர்வையைத் துடைத்தார், துரை தொப்பியைக் கழற்றி மாட்டினார், கங்காணி கையெடுத்துக் கும்பிட்டார். பெரிய பொம்பிளைக்கு ஒரு தடவை சொன்னால் புரியாதா என்று எனக்கே வெட்கமாக இருந்தது. வெயில் சேலை வழியாக வெதுவெதுவென்று இறங்கியது. விரலை ஆட்ட ஆட்டக் கண் சொக்கியது. அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது.

விழித்தபோது லயத்தில் சின்னம்மாவின் மடியில் கிடந்தேன். கடைசித் தடவை அவள் பெட்டியைப் பார்க்கவே இல்லையாம், படம் நன்றாக விழுந்துவிட்டதாம். மரத்திலிருந்து தொட்டிலை அவளே அவிழ்த்து, அந்தச் சேலையை என்மேல் போர்த்தியிருந்தாள். அம்மா வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். சின்னம்மாவும் அழுதுகொண்டிருந்தாள். தொட்டில் அதற்குப் பிறகு அந்தக் காம்பராவில் தொங்கவில்லை. அவளுக்கு வேறு பிள்ளையும் பிறக்கவில்லை. ஆட்டினதால்தான் என்று லயத்தில் சொன்னார்கள். வெறுந்தொட்டில் இல்லையே, உள்ளே நான் இருந்தேனே என்று யாரிடம் போய்ச் சொல்வது?

எங்கள் படம் நெடுநாளைக்குப் பிறகு பதுளைக்கு வந்தது. ஒரு சாயபு போட்டிருந்த கொட்டகையில், பகலிலேயே இருட்டாக்கிக் காட்டினார்கள். அம்மாவும் நானும் சின்னம்மாவும் நடந்தே போனோம். திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று வருவதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். தொட்டில் வந்தது. சின்னம்மா குனிந்து உள்ளே பார்த்தபடி ஆட்டினாள். உதடு மட்டும் அசைந்தது. என் விரல் ஒன்றும் ஆடவில்லை. தாயும் சேயும் என்ன சந்தோசம் பாருங்க என்று அந்த மனுசர் கத்தினார். கொட்டகையே கைதட்டியது. நான் பெருமையோடு சின்னம்மாவைப் பார்த்தேன். அவள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். அதற்குள் தொட்டில் போய் வண்டியும் ரயிலும் வந்துவிட்டன.

வெளியே வந்து நடக்கும்போது, நெடுநாளாய் மனதில் கிடந்ததைக் கேட்டேன். அத்தனை தடவை சொல்லியும் ஏன் அந்தப் பெட்டியையே பார்த்தாய் என்றேன்.

“பாத்தாத்தான மறுபடி ஆட்டச் சொல்லுவாரு.”

அப்படியென்றால் கடைசித் தடவை மட்டும் ஏன் பார்க்கவில்லை என்று நான் விடவில்லை. சின்னம்மா என் தலையைத் தடவினாள்.

“நீதான் தூங்கிட்டியே.”

பழியை என் தலையில் போடுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் தூங்கினதற்கும் அவள் பெட்டியைப் பார்க்காததற்கும் என்ன சம்பந்தம்? அவள் கையை உதறிவிட்டு அம்மாவுக்கு அந்தப் பக்கம் போய் நடந்தேன். வழியில் பசறை வரும்வரை சின்னம்மாவோடு நான் பேசவே இல்லை.