துடைப்பக்கட்டை மகாராணி

ஓட்மார் முப்பத்தெட்டு வருஷம் எங்கள் ஊர்த் தபால்காரன். நாற்பத்தொரு வருஷமாக எங்கள் ராக் குழுவின் பாடகன். குழுவின் பெயர் ‘ஓட்டைப் பீப்பாய்’. நான் டிரம்ஸ். பாடுவதெல்லாம் தென் ஜெர்மனியில் எங்கள் பக்கத்துக் கலப்படமில்லாத ஸ்வாபியப் பேச்சில்தான். ஒருமுறை நாட்டின் வடகோடியில் இருக்கும் ஹாம்பர்க் போய்ப் பாடினோம். முடிந்ததும் ஒருவர் வந்து, எந்த நாட்டிலிருந்து வந்திருக்கிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்டார். அதற்கப்புறம் நாங்கள் வடக்கே தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை.

எங்களை ஊருக்குத் தெரியவைத்தது ஒரே பாட்டு, ‘துடைப்பக்கட்டை மகாராணி’. ஓட்மார் குடியிருக்கும் கட்டடத்தில் மாடிப்படி பெருக்குவது வாரம் ஒரு வீட்டின் முறை. யார் முறையோ அவர் கதவில் பலகை தொங்கும். கீழ்வீட்டு ஹெட்விக் அம்மாள் தன் முறையோடு நிற்பாரா? அடுத்தவர் பெருக்கிய படியையும் விரலால் தடவிப் பார்ப்பார். அந்த எரிச்சலில் எழுதிய பாட்டு. ‘துடைப்பத்தைத் தொடமாட்டேன், போடி’ என்று முடியும். அந்த வரிக்கு ஊரே சேர்ந்து கத்தும். முப்பத்துநாலு வருஷமாக ஹெட்விக் அம்மாள் ஒரு கச்சேரி விடாமல் வந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டார். ஒருநாளும் சிரித்ததில்லை.

போன ஜூலையில் தீயணைப்புப் படையின் திருவிழா. மத்தியானக் கச்சேரி. மேடைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டிருந்தபோது ஓட்மார் குண்டைத் தூக்கிப் போட்டான்.

“இன்னிக்கு மகாராணி பாட்டு கெடையாது.”

“ஏன்டா, தொண்டையில முள்ளா?” என்றான் கிதார் வாசிக்கும் கார்லே.

“அந்தம்மா திங்கக்கெழம முதியோர் இல்லத்துக்குப் போறாங்க. எண்பத்தேழு வயசு. இதான் அவங்க கேக்கப்போற கடைசிக் கச்சேரி. போகும்போதும் அவமானப்படுத்தித்தான் அனுப்பணுமா?”

“அந்தப் பாட்ட எடுத்துட்டா நாம யாருடா? ஒரு தபால்காரன், ஒரு பிளம்பர், ஒரு பல் டாக்டர்.” என்றான் கார்லே. பல் டாக்டர் அவன்தான், பிளம்பர் நான்.

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது, நன்றாகத் திட்டினேன். அவன் கண் கலங்கியிருந்ததைப் பார்த்த பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

கச்சேரி முடியும் நேரம். மகாராணி, மகாராணி என்று கூட்டம் மேசையைத் தட்டியது. ஓட்மார் மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

“இன்னிக்கு இல்ல. ஹெட்விக் அம்மா, இத்தன வருஷம் பொறுத்துக்கிட்டீங்க. என்னை மன்னிச்சிருங்க.”

கூட்டம் சப்பென்று அடங்கியது. ஹெட்விக் அம்மாள் எழுந்தார். கைத்தடியை ஊன்றி ஒவ்வொரு படியாக மேடை ஏறி, அவன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினார்.

“யாரைக் கேட்டுடா நிறுத்துன? அது என் பாட்டு. பக்கத்து ஊர்ல எவளுக்காவது தனக்குன்னு ஒரு பாட்டு இருக்கா?”

அந்தம்மாள் கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“ஆனா அதுல ஒரு பொய் இருக்கு. இவன் துடைப்பத்தைத் தொடமாட்டானாம். எனக்கு இடுப்பு ஒடிஞ்சு ஆறு வருஷமாச்சு. என் முறை வர்றப்பல்லாம் விடியக்காலம் அஞ்சு மணிக்கு, சத்தம் கேக்கக்கூடாதுன்னு வெறும் சாக்ஸோட எறங்கி வந்து படி பெருக்குறது யாருன்னு நெனச்சீங்க? நான் தூங்குறேன்னு இவனுக்கு நெனப்பு.”

அடப்பாவி, என்னிடம்கூடச் சொன்னதில்லை. நாற்பத்தொரு வருஷம் தோல் ஜாக்கெட்டோடு திரிந்த புரட்சிக்காரனின் மானம் ஊர் நடுவில் கப்பலேறியது. காதெல்லாம் சிவந்துவிட்டது.

“அம்மா, மைக்கக் குடுங்க,” என்று கெஞ்சினான்.

“நல்லாப் பெருக்குறான்,” என்றார் ஹெட்விக் அம்மாள்.

எங்கள் ஊரில் திட்டாமல் விட்டாலே அது பாராட்டு. நல்லா என்ற சொல் அந்த வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. அவருக்கும் பழக்கமில்லை போலும், உடனே சமாளித்தார்.

“மூலைய மட்டும் விட்டுடுறான்.”

ஓட்மார் அப்படியே மேடையில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதான். அன்றைக்கு அந்தப் பாட்டை ஊர்தான் பாடியது. ஹெட்விக் அம்மாள் மைக்கை விடாமல், ஒரு வரி பிசகாமல் கூடவே பாடினார்.