தயிர் என்று சொன்ன பியர்

போன சனிக்கிழமை பக்கத்து வீட்டுக் கோயம்புத்தூர்த் தம்பி தன் கராஜுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். ஓக்லாந்தின் வெஸ்ட்கேட்டில் எங்கள் வரிசை வீடுகளில் கராஜுக்குள் கார் விடுகிறவர்கள் குறைவு. இவர் அங்கே பியர் காய்ச்சத் தொடங்கியிருக்கிறார். இடுப்பளவு உயரத்தில் பளபளவென்று ஒரு மின்சாரப் பானை, அதற்கு அளவெடுத்துத் தைத்த கறுப்பு மேலுறை. அறுபத்தாறு டிகிரி என்று பொத்தானை அழுத்தினால் அறுபத்தாறிலேயே நிற்குமாம். "நீங்க ஒண்ணுமே பண்ண வேணாம்க்கா, அதுவே பாத்துக்கும்" என்றார். நான் பெரிய மனுசியாகத் தலையாட்டினேன். ஆனால் பானையிலிருந்து வந்த ஆவி மூக்கில் பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முளைகட்டிக் காயவைத்த பார்லி வெந்நீரில் ஊறும் மணம். பாதி மா வறுக்கிற மணம், பாதி நனைந்த வைக்கோல்.

உங்களுக்குச் சொன்னால் என்ன, நானும் ஒரு காலத்தில் பியர் காய்ச்சியவள்தான். ஒரே ஒரு தடவை. அதற்கு முன் பியரை வாயில் வைத்ததில்லை. பின்பு தொழிலுக்காக வைத்தேன், இன்றும் பிடிக்கவில்லை.

அப்போது நாங்கள் ஹில்ஸ்பரோவில் ஒரு வீட்டின் பின்னால் ஒட்டிக்கட்டிய சின்ன யூனிட்டில் வாடகைக்கு இருந்தோம். மனுகாவ் கடல் தெரியும் என்று சொல்லித் தந்தார்கள். குளியலறை ஜன்னலால் எட்டிப் பார்த்தால் தெரியும். என் கணவர் நேசன் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றினார். நான் யாழ்ப்பாணத்தில் இரசாயனவியல் படித்து, ஆய்வுகூடத்தில் நாலு வருடம் வேலை செய்துவிட்டு வந்து, இங்கே பிஸ்கட் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கே விண்ணப்பித்தாலும் நியூசிலாந்து அனுபவம் இருக்கிறதா என்ற ஒரே கேள்விதான். வேலை தந்தால்தானே அனுபவம் வரும் என்று கண்ணாடியைப் பார்த்துச் சண்டை பிடிப்பேன்.

அந்த நேரத்தில்தான் ஒனேஹங்கா பக்கம் ஒரு சின்ன பியர் ஆலையில் ஆய்வுகூடத்துக்கு ஆள் தேவை என்று தெரிந்து நேரே போய் நின்றேன். முதலாளி கிரெய்க் என் சான்றிதழ்களை மரியாதையாகப் புரட்டிவிட்டு, எப்போதாவது பியர் காய்ச்சியிருக்கிறேனா என்று கேட்டார். இல்லை என்றேன். மோல்ட் என்கிற உடைத்த முளைப் பார்லி ஒரு பையும், ஒரு கவர் ஈஸ்ட்டும், கசப்புக்குப் போடும் ஹொப்ஸ் பூ கொஞ்சமும் தந்து, வீட்டில் செய்து இரண்டு போத்தலும் எழுதிய குறிப்பும் கொண்டுவா என்றார். மோல்ட் ஒரு மணி நேரம் அறுபத்தாறு டிகிரி வெந்நீரில் ஊற வேண்டும், சூடு இறங்கக் கூடாது, எல்லாம் அதிலேதான் இருக்கிறது என்றும் சொன்னார். அனுபவம் கேட்காமல் செய்துகாட்டச் சொன்ன முதல் மனிதர் அவர். இந்த வேலையும் போனால் பிஸ்கட் அடுக்கியே கிழவியாகிவிடுவேன் என்று உண்மையாகவே பயந்தேன்.

முதலில் வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தேன். எங்கள் பெரிய சோற்றுப் பானையில் அறுபத்தாறு டிகிரியில் ஊற்றி, யூனிட்டோடு சேர்ந்த கராஜின் சீமெந்துத் தரையில் வைத்தேன். ஒரு மணி நேரத்தில் பதினொரு டிகிரி காணாமல் போனது. ஓக்லாந்தில் யூலை என்றால் நடுக் குளிர்காலம், அந்தக் குளிர் எங்கள் பானைக்குள் குடியிருந்தது. கடையில் ஏதாவது வாங்கிப் போர்த்தலாம்தான், ஆனால் அந்தக் கிழமை கையில் காசு இல்லை.

நல்ல காலம், அது இனோகானிக் கிழமை. உங்களுக்கு நினைவிருக்கிறதா? நகரசபை ஒவ்வொரு பகுதியாக நாள் குறித்துக் கொடுக்கும். சனங்கள் வேண்டாத சாமானையெல்லாம் வீதியோரப் புல்லில் குவிப்பார்கள். லொறி வருமுன் மற்றவர்கள் வந்து கிளறுவார்கள். எங்கள் ஆட்கள் எல்லாருடைய வீட்டிலும் அதிலிருந்து வந்த மேசையோ கதிரையோ ஒன்று இருக்கும், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். காரை அடுத்த தெருவில் விட்டுவிட்டு நடைப்பயிற்சி போவதுபோல வருவோம். அப்படித்தான் அன்றும் நானும் நேசனும் வந்தோம். காரின் முன்கண்ணாடியை மறைக்கும் வெள்ளித் தட்டி ஒன்று, தரையில் விரிக்கும் பஞ்சுப் பாய் ஒன்று கிடைத்தன. அடுத்த குவியலில் உள்ளே நுழைந்து தூங்குகிற, சிப் அறுந்த சாம்பல் நிறப் படுக்கைப் பை ஒன்று தெரிந்தது. பாய்ந்து பிடித்தேன். மறு முனையையும் ஒரு கை பிடித்திருந்தது.

றீற்றா அக்கா. எங்கள் வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தின் தூண். ஆண்கள் வாசலில் சப்பாத்துக் கழற்றும்போது பக்கத்தில் போய் நின்று, குடித்திருக்கிறார்களா என்று மூச்சை இழுத்து மணந்து பார்ப்பவர். பாபகூராவிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருந்தார். நல்ல பகுதிக் குவியலில்தான் நல்ல சாமான் வரும் என்பது அவருக்கும் தெரிந்திருக்கிறது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் கடலின் அழகைப் பற்றிக் கதைத்தோம். பிறகு, மகனின் பள்ளிக்கூட முகாமுக்கு எடுத்ததாகச் சொல்லி, எனக்கு எதற்கு என்று கேட்டார். ஜெபக்கூட்டத்தில் பாட்டு நடத்துகிற நேசனை ஒரு பார்வை பார்த்தேன். தயிர் உறைய வைக்க என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்தக் குளிர்காலம் முழுக்க அவர் வீட்டில் தயிர் உறையவே இல்லையாம். படுக்கைப் பையை என் கையில் தந்துவிட்டு, "உறைஞ்சால் நானும் வந்து பாக்கோணும் பிள்ளை" என்றார். காரில் ஏறி இரண்டு சிக்னல் தாண்டினோம். நேசன் மெதுவாக, "தயிரோ?" என்றார்.

மீன்கடையில் கேட்டு வாங்கிய ரெஜிபோம் என்கிற வெள்ளை நுரைப் பெட்டியின் மூடியைப் பானைக்கு அடியில் வைத்தேன். சுற்றிவரப் பஞ்சுப் பாய், அதன்மேல் வெள்ளித் தட்டி, அதற்கும் மேல் படுக்கைப் பை, எல்லாவற்றையும் நேசனின் பழைய பெல்ட்டால் இறுக்கினேன். அப்படியும் ஐந்து டிகிரி இறங்கியது. அடுத்த நாள்தான் புத்தி வந்தது. பக்கமெல்லாம் போர்த்தியவள் மேலே வெறும் அலுமினிய மூடியை விட்டிருக்கிறேன். மிச்சப் பாயை வட்டமாக வெட்டி மூடிக்கு ஒரு தொப்பி செய்தேன். ஒரு டிகிரிதான் இறங்கியது. கராஜுக்குள் தனியாக நின்று கைதட்டினேன். முழுப் பானையும் மீன் மணத்தது, அதை யார் பார்த்தார்கள்.

சனிக்கிழமை மோல்ட்டை ஊறவைத்தேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தெர்மோமீற்றரைப் பார்த்துக் கொப்பியில் எழுதினேன். அறுபத்தாறு, அறுபத்தாறு, அறுபத்தாறு. இருபதாம் நிமிடம் எழுதிவிட்டு, அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டு உள்ளே ஓடினேன். திரும்பி வந்தால் றீற்றா அக்கா கராஜில் நிற்கிறார். அந்தக் காலத்தில் ஒருவரும் சொல்லிவிட்டு வருவதில்லை, கதவு திறந்திருந்தால் வந்துவிடுவார்கள். தொப்பி தரையில் கிடந்தது. மூடி ஒரு கையில், அகப்பை மறு கையில், மூக்குக்கண்ணாடியெல்லாம் ஆவி. தயிரைத் தேடி அடிவரை கிளறியிருக்கிறார்.

"இது தயிர் இல்லைப் பிள்ளை" என்றார்.

ஒன்றும் மறைக்கவில்லை. அழுகையோடு எல்லாவற்றையும் சொன்னேன், பிஸ்கட் உட்பட. நேசனுக்கு இனி ஜெபக்கூட்டத்தில் பாட்டு இல்லை என்றே நினைத்தேன். றீற்றா அக்கா மூடியைப் பானையில் வைத்தார், தொப்பியைத் தட்டி அதன்மேல் வைத்தார்.

"முதல்ல வேலையை எடும். ஏச்சை நான் பிறகு வந்து தாறன்."

அப்படியே ஒரு பெயின்ற் வாளியில் குந்திக்கொண்டு, மிச்ச முப்பத்தைந்து நிமிடமும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னார். இருபத்தைந்தாம் நிமிடம் அறுபத்துமூன்று. எழுதினேன். மாலையில் நேசன் கொப்பியைப் பார்த்துவிட்டு, "உதை அழிச்சுப்போட்டு அறுபத்தாறு எண்டு எழுதுமன், ஆருக்குத் தெரியும்?" என்றார். அந்தக் கிழமைக்கு ஒரு பொய் போதும் என்றேன்.

சாற்றை வடித்து, ஹொப்ஸோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு ஈஸ்ட் போட்ட வாளி இரண்டு வாரம் வெந்நீர்த் தாங்கி இருக்கும் சுவரலமாரிக்குள், தோசைமாவுக்குப் பக்கத்தில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று கெடுக்கவில்லை. போத்தலில் அடைத்து மேலும் மூன்று வாரம் காத்திருந்து கொண்டுபோனேன்.

கிரெய்க் ஒரு வாய் குடித்துவிட்டுப் போத்தலை மேசையில் வைத்தார். கொப்பியை மட்டும் நெடுநேரம் பார்த்தார். பிறகு இருபத்தைந்தாம் நிமிடத்தில் விரலை வைத்து, இங்கே என்ன நடந்தது என்று கேட்டார். ஒரு அக்கா வந்து மூடியைத் திறந்துவிட்டார் என்றேன். அவர் சிரித்த சிரிப்பில் போத்தல் ஆடியது. இதுவரை கொப்பி கொண்டுவந்த எல்லாருடைய எண்களும் கோடு போட்டதுபோல நேராக இருந்தனவாம், வீட்டில் காய்ச்சினால் அப்படி வரவே வராதாம். திங்கட்கிழமை வரச் சொன்னார். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் வெட்கமில்லாமல் அழுதேன்.

றீற்றா அக்கா சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த ஞாயிறு வந்து, அரை மணி நேரம் இருத்தி வைத்து ஏசினார். பொய் சொன்னதற்குத்தான், பியருக்கு அல்ல. பிறகு பையிலிருந்து கடைத் தயிர் ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். மூவருமாகச் சோறு போட்டுச் சாப்பிட்டோம்.

அந்த ஆலை இப்போது இல்லை. கட்டடத்தைச் சாமான் வைக்க வாடகைக்கு விடுகிறார்கள். நான் அங்கே பழகிய வேலையை வைத்துப் பெரிய ஆய்வுகூடத்துக்கு வந்து வருடங்களாகிவிட்டன. வீதியோரக் குவியலும் நின்றுவிட்டது. இப்போது இணையத்தில் நாள் பதிந்து, அவரவர் வளவுக்குள் வைக்க வேண்டும், லொறி வந்து எடுத்துப் போய்விடும். யார் எதை எறிந்தார், யார் எதை எடுத்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. றீற்றா அக்கா மகளோடு மெல்பேர்னுக்குப் போய்விட்டார். போனில் கதைப்பார், ஆனால் அவரும் இப்போது முதலில் மெசேஜ் போட்டு, கதைக்கலாமோ என்று கேட்கிறார். எல்லாரும் கேட்டுத்தான் வருகிறார்கள். வந்தால் நாற்காலியில் மரியாதையாக இருந்து தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். என் குசினிக்குள் கேளாமல் வந்து பானை மூடியைத் திறந்து பார்க்க ஒருவரும் இல்லை.