சாவியைக் கொடு என்று எங்கே எழுதியிருக்கிறது?

இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் காது சூடாகிறது. "ஒரு விளையாட்டுக்காகவோ இவ்வளவு கோவம்?" என்று என் கணவர் கேட்டார். ஓம், ஒரு விளையாட்டுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில், கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மூன்றாம் மாடி வீட்டில் நாங்கள் கூடுவோம். மேசையைச் சுற்றி இருந்து விளையாடுகிற மாயக் கதை அது. ஒருவர் கதையை நடத்துவார். அவரை மாஸ்டர் என்போம். வீடும் அவருடையதுதான். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். என் பாத்திரம் என்ன செய்கிறது என்று நான் சொல்வேன், அது பலிக்குமா இல்லையா என்று பகடை சொல்லும். எந்த மந்திரம் என்ன செய்யும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் தடித்த ஆங்கிலப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. நாங்கள் விளையாடுவது தமிழில்.

கொட்டாஞ்சேனையில் எங்கள் தெருவில் இருக்கும் சிநேகிதியும் நானும் ஒன்றாகத்தான் பஸ் ஏறிப் போவோம். அவள் என்னைவிடப் பத்து வயது இளையவள், மலையகத்திலிருந்து வேலைக்காகக் கொழும்புக்கு வந்தவள். விளையாட்டில் அவள் ஒரு பாட்டுக்காரி. நான் ஒரு காவல்காரி. ஒரு நகரத்தை வெள்ளத்திலிருந்து காக்கும் மதகின் சாவி என் இடுப்பில் இருந்தது. அதை யாரிடமும் கொடுப்பதில்லை என்று சத்தியம் செய்த பாத்திரம். பல மாதமாக அந்தச் சாவியைச் சுமந்துகொண்டு திரிந்தேன். சிரிக்க வேண்டாம், எனக்கு அந்தக் காவல்காரியைப் பிடித்திருந்தது.

பிறகு மாஸ்டரின் பள்ளிக்கூட நண்பர் ஒருவர் வத்தளையிலிருந்து வந்து சேர்ந்தார். மந்திரவாதிப் பாத்திரம் எடுத்தார். மூன்றாவது ஞாயிறே அவருக்கு என் சாவி வேண்டும் என்றாகிவிட்டது. மதகைத் திறந்து நகரத்தைப் பயமுறுத்திப் பொன் வாங்கலாமாம். நான் மறுத்தேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு, "அப்ப வசியம் போடுறன்" என்றார்.

போடட்டும். விதியில் அதற்கு இடம் இருக்கிறது. மந்திரத்தைத் தடுக்க நான் பகடையை உருட்டினேன், இருபதுக்கு நான்குதான் விழுந்தது. மந்திரம் பலித்துவிட்டது. அதில் எனக்கு ஒரு வார்த்தை முறைப்பாடு இல்லை.

"சரி, சாவியைக் குடுக்கிறீங்கள்" என்றார் மாஸ்டர்.

"ஏன் குடுக்க வேணும்?"

"வசியம் அக்கா. வசியம் எண்டா சொன்னதைக் கேக்கிறதுதானே."

இங்கேதான் பிழை. வசியம் என்பது நாங்கள் வாய்க்கு வசதியாக வைத்துக்கொண்ட பெயர். தமிழில் அந்தச் சொல்லைக் கேட்டதும் மை, தாயத்து, சுயபுத்தி இழந்து பின்னால் நடந்து போகிற பெண் என்று ஒரு ஊர்வலமே மனதில் வந்துவிடுகிறது. புத்தகத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மந்திரத்துக்கு உட்பட்டவர் மந்திரவாதியைத் தெரிந்த ஒரு நல்ல மனிதராக நினைப்பார், அவரைத் தாக்கமாட்டார். அவ்வளவுதான். நான் புத்தகத்தை இழுத்துப் பக்கத்தைத் திறந்து, அந்த இரண்டு வரியையும் உரத்து வாசித்தேன்.

"இதிலை சாவியைக் குடு எண்டு எங்கை எழுதியிருக்கு? சிநேகிதனா நினைப்பன், சரி. 'தம்பி, இந்த வேலை பாக்காதை, உன்னைத் தூக்கிலை போடுவாங்கள்' எண்டு சிநேகிதமாச் சொல்லுவன். சாவி தரமாட்டன்."

மாஸ்டர் புத்தகத்தைப் பார்க்கவே இல்லை. "அக்கா, எழுத்துக்கு எழுத்து பாத்தா விளையாட ஏலாது. கருத்தைத்தான் பாக்க வேணும்."

கருத்தாம்! இரண்டு மாதத்துக்கு முன் என் சிநேகிதியின் பாட்டுக்காரி, சிறைக் காவலன் ஒருவனுக்கு இதே மந்திரத்தைப் போட்டாள். அவளுக்கும் பலித்தது. அன்றைக்கு இதே மாஸ்டர் என்ன சொன்னார்? காவலன் தண்ணீர் தந்தான், பிள்ளைகளைப் பற்றிக் கதைத்தான், கதவைத் திறக்கவில்லை. "சிநேகிதம் எண்டதுக்காக வேலையைப் பறிகுடுப்பானோ?" என்று கேட்டார். நியாயம் என்று நாங்களும் ஒத்துக்கொண்டு, வேறு வழியில் சுவரேறினோம். அவருடைய காவலனுக்கு ஒரு கருத்து, என்னுடைய காவல்காரிக்கு இன்னொரு கருத்தா?

இதை அப்படியே கேட்டேன். அவருக்கு முகம் மாறியது. பதில் சொல்லுமுன் அவருடைய நண்பர் முந்திக்கொண்டார்.

"சாவி மட்டும் இல்லை மச்சான், ஆளும் வரட்டும். இண்டைக்குச் சத்திரத்திலை எனக்குக் கால் அமத்திவிடட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். மாஸ்டரும் சிரித்தார். நான் என் சிநேகிதியைப் பார்த்தேன். அந்தக் காவலனுக்கு மந்திரம் போட்டவளே அவள்தான்; "ஓம், அண்டைக்கு அப்படித்தான் சொன்னீங்க" என்று ஒரு வசனம் போதும். அவள் கையிலிருந்த பற்றிஸ் பலகாரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"சும்மா பகிடிக்கு அக்கா, சீரியஸா எடுக்காதேங்கோ" என்றார் மாஸ்டர். "கடைசியா மாஸ்டர் சொல்லுறதுதானே விதி."

நான் பகடைகளைப் பையில் போட்டுக்கொண்டு எழும்பினேன். "விதி உங்கடை வாயிலை இருக்கெண்டா, புத்தகம் என்னத்துக்கு வாங்கினீங்கள்?" என்று கேட்டேன். லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படியால் இறங்கினேன்.

காலி வீதியில் பஸ்ஸுக்கு நின்றபோது எனக்கு அழுகை வரவில்லை, பற்கள்தான் நெரிந்தன. வேலை செய்யும் இடத்தில் ஒரு சுற்றறிக்கை வரும். அதற்கு என்ன பொருள் என்று மேலே இருப்பவர் சொல்வார். எனக்கு ஒரு பொருள், அவருக்கு வேண்டியவருக்கு வேறு பொருள். கேட்க முடியாது, சம்பளம் இருக்கிறது. அரசாங்கக் கந்தோர்களில் கவுண்டருக்குப் பின்னால் இருப்பவரும் அப்படித்தான். இந்த மேசையில்தான் விதி எல்லார் முன்னாலும் திறந்து கிடக்கிறது, யாரும் எடுத்து வாசிக்கலாம் என்று நம்பியிருந்தேன்.

அன்று பொழுதுபட்டதும் சிநேகிதி என் வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க சொன்னது சரிதான் அக்கா. ஆனா நான் என்னா செய்யிறது, அவங்க வீட்ல ஒக்காந்துகிட்டு…"

"அந்த வீட்டிலைதான் நானும் இருந்தனான்" என்றேன். அவள் உள்ளே வராமல் வாசலோடு திரும்பிப் போய்விட்டாள். அவள்மேலும் எனக்குக் கோபம்தான். மற்ற இருவர்மேல் இருந்ததைவிட அதிகம் என்றும் சொல்லலாம்.

அடுத்த நாள் வாட்ஸப் குழுவில் மாஸ்டர் நீளமாக ஒன்று எழுதினார். மேசையின் ஒற்றுமை, பெரிய மனது, விளையாட்டை விளையாட்டாக எடுப்பது என்று பல நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. மந்திரத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் அந்தப் பக்கத்தைப் படமெடுத்துப் போட்டு, 'இந்த இரண்டு வரிக்கும் பதில் சொல்லுங்கள்' என்று எழுதினேன். சிறிது நேரத்தில், இனி அட்மின் மட்டுமே எழுதலாம் என்று குழுவை மாற்றிவிட்டார். நான் குழுவிலிருந்து வெளியேறினேன். அடுத்த ஞாயிறு சிநேகிதியும் போகவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை. அதற்கு அடுத்த கிழமை அவள் வந்து, "நம்ம வீட்ல வெளையாடுவமா? எங்க அண்ணனும் வர்றாரு" என்றாள். இப்போது கொட்டாஞ்சேனையில், அவள் வீட்டு முன்னறையில் விளையாடுகிறோம். அவளே கதை நடத்துகிறாள். சந்தேகம் வந்தால் முதலில் வரியை வாசிக்கிறாள், பிறகுதான் வாயைத் திறக்கிறாள்.

மாஸ்டரிடமிருந்து தனியாக ஒரு செய்தி வந்தது. 'அக்கா, தேடிப் பார்த்தேன். விதிப்படி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் சொன்ன விதம் பிழை.'

சொன்ன விதம்! நான் வாசித்தது அச்சில் இருந்த இரண்டு வரி. கால் அமத்தச் சொன்னவரின் விதத்தைப் பற்றி அவருக்கு எழுத ஒன்றும் இருக்கவில்லை. 'சரி என்றால் அதைக் குழுவில் எழுதுங்கள், எனக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லாதீர்கள்' என்று பதில் போட்டேன். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. குழுவில் அப்படி எதுவும் எழுதப்படவில்லை என்று சிநேகிதி சொன்னாள்.

போன மாதம் பம்பலப்பிட்டி ஸ்டேசனில் மாஸ்டரைக் கண்டேன். மனைவியோடு நின்றார். ஒன்றும் நடக்காதது போலச் சிரித்தார்.

"என்ன அக்கா, கோவம் தீந்திட்டுதோ?"

"தீரேல்லை" என்றேன்.

அவருடைய மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "என்ன நடந்தது?" என்று என்னைக் கேட்டார். ரயில் வர இன்னும் நேரம் இருந்தது. நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.