மேட்னி ஷோவில் தொலைந்த மகள்

அந்தப் படத்தின் இரண்டாம் பாதியை நான் இன்றுவரை பார்க்கவில்லை. யாராவது அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவேன். காது கேட்காத, வாய் பேசாத ஒரு பிள்ளையை வளர்க்கிற குடும்பத்தின் கதை. எழுபதுகளின் தொடக்கத்தில் வந்தது. "உன் கதய அப்டியே எட்துகீறான்மே" என்று எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் ஒருத்தி மாற்றி ஒருத்தி வந்து சொன்னார்கள். என் கதையை எடுக்க அவன் யார், என்னை ஒரு வார்த்தை கேட்டானா என்றுதான் எனக்குத் தோன்றியது.

என் மூத்த மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. இராயபுரத்தில் கல்மண்டபம் பக்கம் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்குகிற கலாசி. தாயில்லாத அவரைத் தூக்கி வளர்த்தது அவருடைய அக்கா. திருவொற்றியூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். அண்ணி வாயிலிருந்து ஒன்று வந்துவிட்டால் என் வீட்டுக்காரருக்கு அது வேதவாக்கு.

அந்த அண்ணிதான் ஒரு ஹோமைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். ஊருக்கு வெளியே கன்னியாஸ்திரிகள் நடத்துவது. பள்ளிக்கூடமாக இருந்திருந்தால் நானே முதல் ஆளாகக் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். இது பள்ளிக்கூடமில்லை, விட்டுவிட்டு வருகிற இடம். கிறிஸ்துமசுக்கு ஒருதரம் போய்ப் பார்க்கலாமாம். "அடுத்ததுங்களும் பொறக்கணும், வளரணும். இத்தயே பாத்துகினு கீறியே" என்பார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிவிட்டார். திங்கட்கிழமை காலையில் கிளம்புவதென்று முடிவாகிவிட்டது. கத்தினேன், பட்டினி கிடந்தேன், தலையைச் சுவரில் முட்டினேன். செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்களே, அந்தப் பழமொழியை என் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று நான் சட்டம் போட்டிருந்தேன். ஆனால் நடந்தது அதுதான்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் அண்ணி வந்து நின்றார். "வா, மேட்னிக்கு போலாம். அந்தப் படத்துல அவ எப்டி மனச கல்லாக்கிகினு கொண்டாந்து வுடுறானு பாரு. அப்பவாவது உனக்கு புத்தி வருதா பாப்போம்." வீட்டில் இருந்தால் அவளுக்காக மூலையில் கட்டி வைத்திருக்கும் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

திரைக்குப் பக்கத்தில், பெண்கள் பக்கத்து பெஞ்சில் இடம் கிடைத்தது. இடைவேளைக்கு முன்னால் படத்துத் தாய் பிள்ளையை விடுதி வாசலில் விட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். கொட்டகை முழுக்க மூக்குச் சிந்துகிற சத்தம். முன் பெஞ்சில் வந்து உட்கார்ந்திருந்த எங்கள் லைன் வீட்டுப் பெண்கள் படத்தைப் பார்த்த நேரம் பாதி, நான் அழுகிறேனா என்று திரும்பித் திரும்பிப் பார்த்த நேரம் பாதி. எனக்கு ஒரு சொட்டு வரவில்லை. அண்ணி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். எனக்கு வந்ததே கோபம்!

இடைவேளை விட்டதும் குழந்தை ஒன்றுக்குப் போகவேண்டும் என்று ஜாடை காட்டினாள். பெஞ்சில் நம்பர் கிடையாது, இரண்டு பேரும் எழுந்தால் இடம் போய்விடும். அண்ணி கூட்டிக்கொண்டு போனார். மணி அடித்தது. விளக்கை அணைத்துப் படத்தைப் போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் அண்ணி இருட்டில் தடவிக்கொண்டு வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம் இருந்தது. குழந்தை இல்லை.

"புள்ள எங்க அண்ணி?"

"இன்னா எங்க? முன்னாடி ஓடியாந்துச்சே! நில்லுடி நில்லுடினு கூப்டுகினே வந்தேன். திரும்பிகூட பாக்கல."

ஆறு வருடம்! ஆறு வருடமாகக் காது கேட்காத பிள்ளையை வாயால் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவரை மட்டும் சொல்லி என்ன? எங்கள் தெருவே அப்படித்தான். ஒருவரை ஒருவர் கூப்பிட்டால் கரையிலிருந்து கட்டுமரம்வரை கேட்கிற தொண்டை எங்களுக்கு. அதே தொண்டையால் அவளையும் கூப்பிடுவார்கள். திரும்பவில்லை என்றால் இன்னும் உரக்கக் கூப்பிடுவார்கள். அவளைக் கூப்பிட இரண்டே வழிதான். பலகையையோ கட்டிலையோ தட்டி அந்த அதிர்வை அவள் உடம்புக்கு அனுப்பவேண்டும். இல்லையென்றால் அவள் கண்ணில் படுகிற மாதிரி கையை ஆட்டவேண்டும். சிமெண்டுத் தரையைத் தட்டினால் எங்கே போகும்? இருட்டில் கையை ஆட்டி யார் பார்ப்பது?

வாசலுக்கு ஓடினோம். சுவருக்கு அந்தப் பக்கம் துறைமுகத்துக்குப் போகிற கூட்ஸ் வண்டித் தண்டவாளம். எஞ்சின் எவ்வளவு ஊதினாலும் என் பிள்ளைக்குத் தெரியாது. கேட்டில் நின்றவன், "எந்தப் புள்ளயும் வெளிய போவலமா" என்றான். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு, "டீ வாங்கறதுக்கு ஒரு நிமிசம் அந்தாண்ட போனேன்" என்றான்.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று தோன்றியது. அண்ணியின் கையைப் பிடித்து முறுக்கினேன். "உண்மைய சொல்லுங்க. யார்கிட்ட குடுத்து அனுப்னீங்க? இதுக்குதான் என்னை இட்டாந்தீங்களா?"

"அடிப் பாவி! மாதா மேல சத்தியமா இல்லடி!" அண்ணியின் உதடு வெள்ளையாகியிருந்தது. பொட்டலத்தைக் கீழே போட்டுவிட்டுத் தண்டவாளத்தைப் பார்த்து ஓடினார். போகும்போதும் அவள் பெயரைக் கத்திக்கொண்டேதான் ஓடினார்.

நான் மேனேஜரிடம் போனேன். நல்ல மனிதர்தான், உடனே படத்தை நிறுத்தி விளக்கைப் போட்டார். மைக்கை எடுத்து, "பச்சை கவுன் போட்ட குழந்தை எங்கிருந்தாலும் ஆபீஸ் ரூமுக்கு வரவும்" என்றார்.

"யோவ், அதுக்கு காது கேக்காதுய்யா!"

அவர் என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார். அதற்குள் கொட்டகையில் விசில் கிளம்பிவிட்டது. "படத்த போடுய்யா!" அவர் பயந்துபோய்க் கையைக் காட்ட, மறுபடியும் இருட்டு. நான் உள்ளே ஓடி பெஞ்சுகளுக்கு நடுவில் தடவினேன். யார் யாருடைய தலையோ கையில் பட்டது. "கம்னு குந்துமே" என்று ஒருத்தி என் கையைத் தட்டிவிட்டாள். "பாவம், அந்தப் புள்ளக்கி இன்னா ஆவுதுனு பாக்க வுடு" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னது திரையில் இருந்த பிள்ளையை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ, திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறி நின்றுவிட்டேன். படத்துத் தாயின் முகம் என் புடவைமேல் விழுந்தது. கண் கூசியது. முறுக்கும் வேர்க்கடலைத் தோலும் வந்து விழுந்தன. "எறங்குமே! சாவுகிராக்கி!"

"எறங்க மாட்டேன்! இத்தினி நேரம் செவுட்டுப் புள்ளக்கி அழுதீங்களே, எல்லாம் பொய்யா? என் புள்ள இங்கதான் இருட்டுல எங்கியோ கீது. அதுக்கு கண்ணு மட்டும்தான். லைட்ட போடுங்க!"

கூச்சல் இன்னும் ஏறியது. அந்தக் கூச்சலுக்கு மேலே ஒரு குரல் கேட்டது. தண்டவாளம்வரை ஓடிவிட்டுத் திரும்பி வந்த அண்ணி, மேடைக்குக் கீழே புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். "எவன்டா விசில் அடிச்சது? லைட்டு போடல, கொட்டாய கொளுத்திடுவேன்! அது என் தம்பி புள்ளடா!"

விளக்கு எரிந்தது. எஞ்சின் நின்ற மாதிரி சத்தம் நின்றது. பெஞ்சுக்கு அடியிலெல்லாம் குனிந்து பார்த்தார்கள். இல்லை. தண்டவாளம்தான் என்று மனசு சொல்லிவிட்டது.

அப்போது திரையின் ஓரத்துத் துணி அசைந்தது. பச்சைக் கவுன் முழுக்கத் தூசியோடு என் மகள் வெளியே வந்தாள். திரைக்குப் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டி ஒன்று இருந்ததாம். இவ்வளவு நேரமும் அதைக் கட்டிப்பிடித்து, கன்னத்தை வைத்து, மரப்பெட்டி அதிர்வதை அனுபவித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். படத்தை நிறுத்தியதும் பெட்டி செத்துப்போயிற்று. ஒருதரம் பொறுத்துக்கொண்டவள், இரண்டாம்தரம் நியாயம் கேட்கவே வந்துவிட்டாள். கொட்டகையையே முறைத்துப் பார்த்தாள். நெஞ்சில் உள்ளங்கையை வைத்துத் தட்டிக் காட்டினாள். ஏன் நிறுத்தினீர்கள், போடுங்கள் என்று அர்த்தம்.

யாரும் சிரிக்கவில்லை. நான் கையை ஆட்டினேன். பார்த்துவிட்டு ஓடிவந்தாள். முதுகில் இரண்டு அடி வைத்து, அப்புறம் கட்டிக்கொண்டேன்.

அண்ணி குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். வழியில் ஒருதரம் குழந்தை கையை விட்டு முன்னால் ஓடினாள். கூப்பிட வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். ஓடிப்போய் அவள் முன்னால் நின்று கையை ஆட்டினார்.

ஓவர்டைம் முடிந்து வந்திருந்த என் வீட்டுக்காரர் வாசலிலேயே கேட்டார். "படம் நல்லா கீதாக்கா? காலைல எத்தினி மணிக்கு கெளம்பணும்?"

"கெளம்பல."

"இன்னாக்கா இது? ஹோம் மதராண்ட சொல்ட்டு வந்தியே!"

அண்ணி குழந்தையின் கவுனிலிருந்த தூசியைத் தட்டிக்கொண்டே சொன்னார். "கூடப் பொறந்தவன் புள்ள, ஆறு வருசமா பாக்குறேன். எனக்கே அத்த கூப்ட தெரில. அங்க யாருடா கூப்டுவா?"