குந்த முடியாமல் போன காலை

நாற்றுக் கொட்டகையில் பாலிபேக்கில் மண் நிரப்பும் வேலையை எனக்கு இன்னும் கொடுக்கலாமா என்று தோட்டத்துக் கணக்குப் பார்க்கிற கிராணிக்குச் சந்தேகம். வயதாகிவிட்டதால், குந்தி எழ முடிகிறது என்று கிளினிக்கில் எழுதி வாங்கி வரச் சொன்னார். ஆயுசு முழுக்கத் தேயிலைச் சரிவில் குந்திக் களை பிடுங்கியவள் நான். இதற்கு ஒரு சீட்டா என்று தோன்றியது. அந்த வேலை இல்லாவிட்டால் நாளெல்லாம் லயத்து வீட்டில் தனியாகக் கிடக்க வேண்டும். அதனால் போனேன்.

மழை என்பதால் ரப்பர் பூட்ஸோடு போய், கிளினிக் கதவருகே கழற்றி வைத்துவிட்டேன். மற்றவர்கள் சப்பாத்தோடு உள்ளே போனார்கள். எனக்குத்தான் மனம் வரவில்லை.

கை கால்களுக்குப் பயிற்சி கொடுக்கிற மிஸி நம் தமிழ்ப் பெண்தான். குந்தச் சொன்னாள். பாதி இறங்கியதும் குதிகால் தரையை விட்டுத் தூக்கிக்கொண்டது. அதை அழுத்தி வைத்தால் உடம்பு பின்னால் சாய்ந்தது. மூன்றாவது தடவை பொத்தென்று உட்கார்ந்துவிட்டேன். என் கால்தானா இது என்று இருந்தது. வீட்டில் வெறுங்காலோடு குந்தி எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்தேன். சமைக்கும்போது பலகையில்தான் உட்காருகிறேன். கொட்டகையில் குந்துவதெல்லாம் பூட்ஸோடுதான்.

முடியாது என்று எழுத மிஸி பேனாவை எடுத்தாள். மெதுவாகக் கேட்டேன்.

"மிஸி, பூட்ஸ் போட்டுக்கிட்டு ஒருக்கா குந்தட்டுமா?"

"பூட்ஸ் எங்க பாட்டி?"

"வெளியில."

"உங்கள யாரு கழட்டச் சொன்னா?" என்று சிரித்தாள்.

போட்டுக்கொண்டு குந்தினேன். நேராக இறங்கியது. அப்புறம் பூட்ஸைக் கழற்றச் சொல்லி, குதிகாலுக்கு அடியில் ஒரு சின்னப் பலகை வைத்தாள். அப்போதும் இறங்கியது. கணுக்கால் இறுகிப்போய்விட்டதாம், பூட்ஸின் குதியோ பலகையோ குதிகாலை உயர்த்தினால் முட்டி முன்னால் வருமாம். சரிவில் மேட்டைப் பார்த்துக் குந்துவேனா, பள்ளத்தைப் பார்த்தா என்று கேட்டாள். பள்ளத்தைப் பார்த்தால் குதிகால் தானாகவே உயர்ந்திருக்குமாம். எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

பூட்ஸ் போட்டால் குந்த முடியும், வாரம் ஒருமுறை கணுக்காலுக்குப் பயிற்சி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தாள். கிராணி அதை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப கால் நல்லா இருக்கா, இல்லையா பாட்டி?"

"தெரியலைங்க."

அவர் சீட்டை மடித்துக் கோப்பில் வைத்தார். பிறகு திங்கட்கிழமை கொட்டகைக்கு வரச் சொல்லிவிட்டார். சந்தோஷப்பட வேண்டியதுதான். ஆனாலும் லயத்துக்குத் திரும்பி நடக்கும்போது, என்னை வேலைக்கு எடுத்தார்களா, பூட்ஸை எடுத்தார்களா என்று எனக்கு விளங்கவில்லை.