ஏரல் மாப்பிள்ளை வழிவிட்ட பந்து

என் பெயர் சிவசைலம். இதை நானே சொல்லிக்கொண்டால்தான் உண்டு. திருநெல்வேலியில் வேறு யாரும் இந்தப் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. ஏரலிலிருந்து வந்து, கீழ ரத வீதியில் பெண் கட்டி, மாமனார் வீட்டிலேயே வீட்டோடு மாப்பிள்ளையாக உட்கார்ந்துவிட்டவன் நான். தெருவுக்கே நான் 'ஏரல் மாப்பிள்ளை'. பால்காரன் முதல் கோயில் ஓதுவார் வரை அப்படித்தான். என் மூத்த மகளுக்குப் பால்பல் விழுந்து வேறு பல்லும் முளைத்துவிட்டது. நான் மட்டும் இன்னும் வெளியூர்க்காரன். ரசம் புளித்தால்கூட என் மனைவி நீலாம்பாள், "உங்க ஊருப் புளி அப்பிடித்தான்" என்பாள்.

சாப்பாடு மாமனார் வீட்டில் என்றால், வேலை நீலாம்பாளின் அண்ணன் ஆவுடைநாயகத்தின் அரிசி மண்டியில். மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு அருகில் நின்று "பைய, பைய" என்று சொல்வதுதான் என் உத்தியோகம். நான் சொல்லாவிட்டாலும் அவர்கள் பையத்தான் ஏற்றுவார்கள்.

எனக்கு வேறு குறை ஒன்றுமில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், என்னைத் திருநெல்வேலிக்காரன் என்று சொல்ல மாட்டாரா என்றுதான் ஏங்கிக்கொண்டிருந்தேன்.

அதற்கு வழி கால்பந்தில் வந்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் பாளையங்கோட்டை. இடையில் இருப்பது ஒரு பாலம்தான். வாய்ச்சண்டைக்கு அது போதும். கோயில் பிரசாதச் சோற்றை வைத்து எங்களை அவர்கள் 'உண்டக்கட்டிக்காரங்க' என்பார்கள். மிஷன் போர்டிங்கில் படித்தவர்கள் என்பதால் நாங்கள் அவர்களை 'மணியடிச்சாச் சோறு' என்போம். ஆனால் பந்து என்று வந்தால் அவர்கள் துரைமாரிடம் கற்றவர்கள். நாங்கள் வேடிக்கை பார்த்துக் கற்றவர்கள். ஐந்தாம் ஜார்ஜுக்கு டில்லியில் பட்டம் கட்டிய மறு வருஷம், இதைப் பொறுக்க மாட்டாமல் ஆவுடைநாயகம் அத்தான் ஒரு பந்தாட்டச் சங்கம் ஆரம்பித்தார். ஆட வருகிறவர்களுக்கு மண்டியிலிருந்து அரிசி என்றார். ஆள் சேர்ந்துவிட்டது. "அரிசிக்கு ஆடுதாங்க" என்று பாளையங்கோட்டையில் சிரித்தார்கள். புழுங்கல் அரிசிதான், ஆனால் நல்ல அரிசி.

சிக்கல் கோல் காப்பவரிடம் வந்து நின்றது. பந்து தோல்; தொட்டால் தீட்டு. காலால் உதைத்தால் காலைக் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போய்விடலாம். கையால் பிடித்தால் தலை முழுக வேண்டும். சைவப் பிள்ளைமார் பத்துப் பேரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஆகாயத்தைப் பார்த்தார்கள்.

"நம்ம ஏரல் மாப்பிள்ளை நிக்கட்டுமே" என்றார் அத்தான். "அவருக்கு ஆத்துல குளிக்கப் பிடிக்கும்லா."

எனக்கு ஆற்றில் குளிக்கப் பிடிக்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் சந்தோஷமாக ஒத்துக்கொண்டேன். ஊர் மானத்தைக் காக்கிறவனை ஊர்க்காரன் இல்லை என்று எவன் சொல்வான்? தொப்பை வேறு இருந்தது. கோலில் பாதியை அதுவே அடைத்துக்கொள்ளும் என்று நீலாம்பாள் தைரியம் சொன்னாள்.

ஆட்டம் பாளையங்கோட்டை மைதானத்தில். எங்கள் ஊரே பாலத்தைக் கடந்து வந்திருந்தது. கடைசி நிமிஷம் வரை யாரும் கோல் போடவில்லை. எதிராளிகளில் எலியேசர் என்று ஒரு வாத்தியார்; கெட்டிக்காரர். அவர் அடித்த இரண்டு பந்துகள் என் வயிற்றில் பட்டுத் திரும்பிவிட்டன. நான் தடுத்ததாக எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தடுத்தவன் மாதிரியே நின்றேன்.

மூன்றாவது பந்து அடிபட்டு, வேகம் இழந்து, மாடு வீடு திரும்புவது போல என்னை நோக்கி உருண்டு வந்தது. நான் குனிந்தேன். தூரத்திலிருந்து அத்தான் கத்தினார்.

"விடும்! மாப்ளே, விடும்வே!"

ஓங்கி ஒன்று விடச் சொன்னார் அவர். அறை விடு, உதை விடு என்கிறோமே, அந்த விடு. நான் அதை 'சரி, விட்டுத் தள்ளு' என்கிற விடு என்று எடுத்துக்கொண்டேன். வீட்டோடு மாப்பிள்ளை பழக்கம் அது. விடும் என்று மைத்துனர் சொன்னால் இத்தனை வருஷமாக நான் எதைத்தான் விடாமல் இருந்திருக்கிறேன்? நிமிர்ந்து, காலை ஒதுக்கி, மரியாதையாக வழிவிட்டேன். பந்து என்னைத் தாண்டி, இரண்டு கம்புக்கும் நடுவில் போய் நின்றது.

பாளையங்கோட்டைக்காரர்கள் கொஞ்ச நேரம் நம்பவே இல்லை. பிறகு நம்பினார்கள்.

அதோடு ஆட்டம் முடிந்தது. பாலம் வரை எங்களைச் சிரிப்போடு வழியனுப்பினார்கள். "திருநெவேலிக்காரங்க மரியாதை தெரிஞ்சவங்க! பந்துக்கே வழி விடுதாங்க!" என்று ஒருவன் கூவினான். உடனே எங்கள் ஆட்கள் பத்துப் பேரும் ஒரே குரலில், "அவரு எங்க ஊரே இல்லவே! ஏரல்!" என்றார்கள். அத்தானின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. தோற்றது கூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை.

பாலத்துக்குக் கீழே போய்த் தலை முழுகினேன். தண்ணீர் என் பக்கமாக ஓடி ஏரலுக்குத்தான் போகிறது, நாமும் கூடவே போய்விடலாமா என்று இருந்தது. ஆனால் ஏரலில் நான் 'திருநெல்வேலி மாப்பிள்ளை'. அங்கேயும் இடமில்லை. கொஞ்ச தூரத்தில் அத்தான் என்னைப் பார்க்காமல் வேட்டியைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

மேலே பாலத்துக் கைப்பிடியில் எலியேசர் வாத்தியாரின் கூட்டம் சாய்ந்து நின்றது. "அண்ணாச்சி! தண்ணிக்கும் வழி விடுதீரா?" என்று ஒருவன் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள்.

அத்தான் ஈரத்துண்டோடு எழுந்து நின்றார்.

"ஏலே! எங்க ஊர்க்காரர நாங்க ஏசுவோம், மிதிப்போம். ஒனக்கு என்னலே?"

"இப்பந்தான ஏரல்னீரு!" என்றார் எலியேசர்.

"திருநெவேலிச் சோறு திங்குதவரு திருநெவேலிக்காரரு! போலே அங்கன!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தண்ணீருக்குள் முங்கிக்கொண்டேன். எழுந்தபோது அத்தான் பக்கத்தில் நின்றார்.

"மாப்ளே, அடுத்த ஆட்டத்துக்கு நீரு வர வேண்டாம்" என்றார் அமைதியாக. "நம்ம ஊரு இன்னொரு மட்டம் தோக்கக் கூடாதுல்லா."

"கூடாது அத்தான்" என்றேன். நம்ம ஊர் என்றாரே, அதற்காக எதை வேண்டுமானாலும் விட்டிருப்பேன்.

இப்போது நான் எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஊர்க்காரர்களோடு நிற்கிறேன். கோலுக்குப் புது ஆள் வந்திருக்கிறார். மேல ரத வீதியில் பெண் கட்டியவர். போன ஆட்டத்தில் ஒரு பந்தைக் கோட்டைவிட்டார். எல்லாருக்கும் முந்தி வாய் திறந்தவன் நான்தான்.

"சேர்மாதேவிக்காரன நிப்பாட்டினா இப்பிடித்தாம்வே ஆகும்!"