ரைட் சைடு வரவில்லை

இரண்டு வாரத்துக்கு முன்னால், ஞாயிற்றுக்கிழமை காலை, இட்லிக்கு நடுவில் நைனா ஓர் அறிவிப்பு வெளியிட்டார்.

“செட்ட மாத்திடலாம்.”

அம்மா சட்னிக் கரண்டியை அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். நானும் சாப்பிடுவதை நிறுத்தினேன். எங்கள் நைனா தானாக முன்வந்து ஒரு பொருளை மாற்றலாம் என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அறுந்த செருப்பை வலை நூலால் தைத்துப் போட்டுக்கொள்பவர். டார்ச் லைட்டின் மூடி தொலைந்தபோது சைக்கிள் டியூபை வெட்டிக் கட்டியவர். அவரா?

சந்தேகம் வர எனக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செட்டு என்பது எங்கள் வீட்டு ஆல்-இன்-ஒன் ஹை-ஃபை. ஒரே பெட்டிக்குள் ரேடியோ, கேசட், சிடி, பென் டிரைவ் எல்லாம். இரண்டு பக்கமும் காவலுக்கு நிற்பது போல இரண்டு ஸ்பீக்கர்கள். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம் வாங்கியது. கேசட் கதவு எப்போதோ உடைந்துவிட்டது. சிடி தட்டு வெளியே வரும்... உள்ளே போவது அதன் இஷ்டம். ஆனால் பாட்டு வரும். கோட்டைக்குப்பத்தில் எங்கள் தெரு முழுக்க வரும்.

“இன்னா நைனா ஆச்சு அதுக்கு?” என்றேன்.

“ரைட் சைடு வர்ல.”

“எனக்கு ரெண்டும் கேக்குதேய்யா,” என்றார் அம்மா.

“நீ குக்கர் விசில் கேக்குறவ. ஸ்டீரியோ பத்தி உனக்கு இன்னா தெரியும்?”

எழுந்து போய்ப் பாட்டுப் போட்டேன். வலது ஸ்பீக்கரில் காதை வைத்தேன். வந்தது. இடதிலும் வந்தது.

“கிட்ட போயி மூஞ்ச வெச்சா வராம இன்னா செய்யும்?” என்றார் நைனா. “நா ஒக்கார்ற எடத்துல வந்து, சாயங்காலத்துல கேளு. அப்ப தெரியும்.”

சாயங்காலம் என்றதும் நான் அடங்கிவிட்டேன். எங்கள் ஊரில் எது கெட்டாலும் காரணம் ஒன்றுதான் — உப்புக் காத்து. ஃபேன் நின்றதா? உப்புக் காத்து. போன் சார்ஜ் ஏறவில்லையா? உப்புக் காத்து. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் ஏரி. நடுவில் இருக்கும் எந்த எலெக்ட்ரானிக் பொருளுக்கும் ஆயுள் குறைவு. சாயங்கால ஈரத்தில் மட்டும் தலைகாட்டும் பழுதுகளை நானே பார்த்திருக்கிறேன்.

பத்திரிகையில் இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு என் வேலை தெரியும். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கம்பெனியில் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது. நான் பார்க்கும்போது ஒழுங்காக ஓடி, பார்க்காதபோது மக்கர் செய்யும் போர்டுதான் எனக்கு முதல் எதிரி. செட்டுக்குள் எங்கோ ஒரு சால்டரிங் விட்டிருக்கிறது என்று முடிவு கட்டினேன்.

சரி, மாற்றலாம். ஆனால் எதற்கு மாற்றுவது?

பொன்னேரியில் ஒரு ஷோரூம் ‘எக்ஸ்சேஞ்ச் மேளா’ என்று பேனர் கட்டியிருந்தது. எந்த நிலையில் இருந்தாலும் பழைய செட்டை எடுத்துக்கொள்வார்களாம். எந்த நிலையிலும் என்றால்? கதவு இல்லாத கேசட் பிளேயரை வைத்துக்கொண்டு இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள்? போனில் கேள்விப் பட்டியல் ஒன்று தயாரித்தேன். பட்டியல் இல்லாமல் நான் தக்காளிகூட வாங்குவதில்லை.

மத்தியானம் நைனாவும் நானும் பஸ் ஏறினோம்.

இடையில் நைனாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஃபைபர் போட்டில் இன்ஜின் பிடிப்பவர் அவர். பின்னால் உட்கார்ந்து, வலது கையால் கைப்பிடியைப் பிடித்து, போட்டை ஓட்டி, திருப்புகிற ஆள். ஏரியிலிருந்து கடலுக்குப் போகும் முகத்துவாரத்தில் மணல் மேடு இடம் மாறிக்கொண்டே இருக்கும்; அலை அங்கேதான் உடையும். போட்டின் முன்னால் நிற்கும் ஆள் அலையைப் பார்த்துக் கத்துவார். வுடு என்றால் வேகம். அடக்கு என்றால் நிதானம். இன்ஜின் பிடிப்பவர் அந்தக் குரலுக்குத்தான் கையை அசைப்பார். எங்கள் போட்டில் முன்னால் நிற்பவர் எட்டியப்பன் மாமா. அம்மாவின் தம்பி. இந்த ஏற்பாடு எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து மாறவில்லை.

ஷோரூமில் டை கட்டிய இளைஞர் எங்களைப் பிடித்துக்கொண்டார்.

“இதான் மேடம் லேட்டஸ்ட். ப்ளூடூத், வைஃபை, ஆப், பார்ட்டி மோட் — எல்லாம் ஒண்ணுலயே.”

“இந்த வாட்ஸ் கணக்கு எப்படி அளந்தது?”

அவர் ஸ்டிக்கரைக் காட்டினார்.

“அது எழுதினது. அளந்தது எப்படி?”

“கம்பெனிலயே அளந்துதான் மேடம் ஒட்டுவாங்க.”

“போன் இல்லாம ரேடியோ கேக்குமா?”

“போன் யார்கிட்ட மேடம் இல்ல?”

“உள்ளே போர்டுக்கு உப்புக் காத்து தாங்கற பூச்சு இருக்கா?”

அவர் ஸ்டிக்கரை மறுபடி பார்த்தார். பிறகு புன்னகைத்தார். அந்தப் புன்னகையையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அதற்குள் நைனா எதிரிலிருந்த சோபாவில் சௌகரியமாக உட்கார்ந்துவிட்டார். “பேசினது போதும். பாட்டப் போடுப்பா.”

பாட்டு வந்தது. கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. ஏ.சி. ரூமில், நாலு பக்கமும் சுவர் வைத்து, அடித்தொண்டை முழுக்கத் திறந்துவிட்டால் எந்தப் பெட்டிதான் நன்றாகக் கேட்காது? நைனா தலையைச் சாய்த்துக் கேட்டார். முகம் சுருங்கியது.

“தம்பி... இதுலயும் ரைட் சைடு வர்ல.”

இளைஞரின் புன்னகை கழன்றது. “சார், புது பீஸ் சார். இன்னிக்குதான் பிரிச்சோம்.”

“புதுசுன்னா இன்னா? வர்லன்னா வர்லதான்.”

பக்கத்திலிருந்த வேறு மாடலை ஓடவிட்டார்கள். அதையும் நைனா பொறுமையாகக் கேட்டார். “இது பரவால்ல. ஆனா இதுவும் ஒரு பக்கம்தான் பேசுது.”

சூப்பர்வைசர் வந்தார். கூட இரண்டு வாடிக்கையாளர்கள் கூடினார்கள். அவர்களில் ஒருவர் தன் பில்லை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு மெதுவாகக் கதவுப் பக்கம் நகர்ந்தார். எனக்கோ — மறைப்பானேன் — உள்ளுக்குள் சந்தோஷம். நான் சந்தேகப்பட்டேனே!

சந்தோஷம் பஸ்ஸில் ஏறும் வரைதான்.

ஜன்னலோரம் நைனா. அவருக்கு வலப்பக்கம் நான். கண்டக்டர் வந்து “எங்க?” என்றார். நைனா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் மறுபடி, “பெரியவரே, எங்க போணும்?” நைனா வெளியே பார்த்துக்கொண்டேதான் இருந்தார். நான்தான் டிக்கெட் வாங்கினேன்.

எங்கள் டெஸ்டிங் பிரிவில் புதிதாகச் சேரும் எல்லாருக்கும் முதல் நாளே சொல்வோம். ஒரு போர்டு ஃபெயிலானால் போர்டைச் சந்தேகப்படு. மூன்று போர்டு ஒரே மாதிரி ஃபெயிலானால் போர்டைத் தொடாதே. மீட்டரைப் பார்.

ஒரு பழைய செட்டு. இரண்டு புது செட்டுகள். மூன்றிலும் ரைட் சைடு வரவில்லை.

அவருடைய வலது காது என் பக்கம்தான் இருந்தது. பேசிப் பார்க்கப் பயமாக இருந்தது என்பதுதான் உண்மை.

வீட்டு வாசலில் எட்டியப்பன் மாமா புது செட்டைப் பார்க்கக் காத்திருந்தார். கழுத்தில் சிவப்புத் துண்டு. “இன்னா பாப்பா, வெறுங்கையோட வர்றீங்க?”

“கடையில எல்லாம் டூப்ளிகேட்டு மச்சான்,” என்றார் நைனா.

நான் நைனாவை அவருடைய பிளாஸ்டிக் நாற்காலியில், பழைய செட்டுக்கு நேர் எதிரே உட்காரவைத்தேன். பாட்டுப் போட்டேன்.

“ரைட் சைடு வர்ல.”

பெட்டிக்குப் பின்னால் போய் இரண்டு ஸ்பீக்கர்களின் ஒயர்களையும் இடம் மாற்றிச் செருகினேன். பழுது பெட்டியில் என்றால் இப்போது அது இடது பக்கம் வந்தாக வேண்டும்.

“இப்ப?”

“அதே ரைட் சைடுதான்.”

கடைசியாக ஒன்று மிச்சமிருந்தது. “நைனா, எந்திரிக்காத,” என்று சொல்லிவிட்டு நாற்காலியை அவரோடு சேர்த்து, செட்டுக்கு முதுகு காட்டி எதிர்ச்சுவரைப் பார்க்கத் திருப்பினேன். பழைய மாடல் மனிதர், கனம்தான். மாமா ஒரு கை கொடுத்தார்.

“இப்ப சொல்லு.”

நைனா கேட்டார். “ஆங்... இப்ப அந்த ஸ்பீக்கர் வருது.” இத்தனை நேரம் செத்துப்போனதாகச் சொன்ன ஸ்பீக்கரை, தலையைத் திருப்பாமலே கையால் காட்டினார். “இப்ப இன்னொண்ணு போ—”

நைனா ஒன்றும் புரியாதவர் இல்லை. வாக்கியம் முடியவில்லை. காட்டிய கை அந்தரத்திலேயே நின்றது. பாட்டு மட்டும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா போய் நிறுத்தினார்.

மாமா தன் சிவப்புத் துண்டின் நுனியை ரொம்ப ஆராய்ந்துகொண்டிருந்தார். எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. சமீபமாக முகத்துவாரத்தில் போட் திரும்பும்போது மாமா இந்தத் துண்டைத் தலைக்கு மேல் சுற்றுவார். ஏதோ ஸ்டைல் என்று கரையில் நின்று நாங்கள் சிரித்திருக்கிறோம்.

“மாமா, உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்னு இல்ல பாப்பா... ஒரு தபா அடக்குன்னு கத்தினேன். அவரு வுட்டாரு. போட்டு நட்டுக்கினு நின்னுச்சு. அப்பாலருந்து நா கத்துறதோட துண்டையும் காட்டுவேன். அவரு இன்னான்னு கேக்கல. நானும் சொல்லல.”

அவ்வளவுதான். அம்மாவின் குரலுக்கு எந்த செட்டும் ஈடாகாது.

“அலை எகிர்ற எடத்துல காது கேக்காம இன்ஜின் புடிக்கிறாரு இவுரு! கூட நின்னு கொடி காட்டுறான் என் தம்பி! வூட்ல ஒருத்திக்குத் தெரியாது! மழ வந்து ராத்திரியா இருந்தா எந்தத் துண்டுடா தெரியும்?”

“கத்தாத. இந்தக் காது நல்லாதான் கேக்குது,” என்றார் நைனா, இன்னும் சுவரைப் பார்த்தபடியே. பிறகு மெதுவாக, “செட்டு கெட்டா எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்குறான். காது கெட்டா எவன் எடுத்துப்பான்?”

அவருக்குத் தெரிந்தே இருந்ததா, பாதி தெரிந்து மீதியை செட்டின் தலையில் போட்டாரா... நான் கேட்கவில்லை. சில கேள்விகளைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாம்.

அந்த வாரமே காது டாக்டரிடம் போனோம். வலது காதில் பெரும்பகுதி போய்விட்டது. என்ன வேலை என்று டாக்டர் கேட்டார். நைனா சொன்னார். இன்ஜின் எந்தப் பக்கம் என்று கேட்டார். நைனா வலது கையைத் தூக்கிக் காட்டினார். அதற்கு மேல் டாக்டருக்குக் கேட்க எதுவும் இருக்கவில்லை. மெஷின் வைத்தால் ஓரளவு உதவும், போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்றார்.

“மிஷினா?” என்றார் நைனா, வெளியே வந்ததும். “தண்ணி தெறிக்கிற எடத்துல, உப்புக் காத்துல, அது எத்தினி நாளு தாங்கும்? நீயே சொல்லு.”

எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் நான். கரையில் போட்டுக்கொள்ளலாம். முகத்துவாரத்தில் அதை நம்பி இரண்டு உயிரை வைக்க நானே சம்மதிக்க மாட்டேன்.

அப்புறம்? ஒயரை மாற்றியது போல ஆளை மாற்ற வேண்டியதுதான். மாமா பின்னால், இன்ஜினுக்கு. நைனா முன்னால், அலை பார்க்க. கண்ணில் ஒரு குறையும் இல்லை. குரல் அதைவிட நன்றாக இருக்கிறது.

“இன்ஜின வுட்டுட்டு முன்னால போயி நிக்கணுமா? ஊர்ல இன்னா சொல்லுவான்?”

“எட்டியப்பனுக்கு ப்ரொமோஷன்னு சொல்லுவான்,” என்றார் மாமா. நைனா சிரிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார். கைப்பிடி பிடித்துக் காய்த்துப்போன வலது உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

முடித்துவைத்தது அம்மாதான்.

“சரிய்யா, நீயே இன்ஜின் புடி. நாளைலருந்து நானும் போட்டுல வர்றேன். உன் ரைட் சைடு ஒக்காந்து அவன் சொல்றதெல்லாம் உனுக்குச் சொல்றேன்.”

அம்மா விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நைனாவுக்கு அது தெரியும். மறுநாள் விடியலில் அவர் போட்டின் முன்பக்கம் ஏறி நின்றார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் விறைப்பாக.

செட்டு? அது அதே இடத்தில் இருக்கிறது. நைனாவின் நாற்காலிதான் கொஞ்சம் சாய்ந்து, இடது காதைக் கொடுத்து உட்கார்ந்திருக்கிறது. ஷோரூம் இளைஞர் இன்னும் போன் செய்கிறார். “மேடம், கம்பெனிலருந்தே இன்ஜினியர் வந்து செக் பண்ணிட்டாரு. ரெண்டு பக்கமும் பக்கா.” பாவம், தெரியும் என்றேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவரை நான் முழுமையாக நம்புகிறேன்.

மாமாவுக்கு எங்கள் ஃபேக்டரியில் கொடுக்கும் ஃபோம் காதடைப்பான் கொடுத்தேன். இன்ஜின் பக்கத்துக் காதுக்கு மட்டும். நேற்று வாசலில் நின்று குறைசொன்னார்.

“இன்ஜினுக்கு அடைப்பான் குடுத்த, சரி. முன்னாலருந்து உங்க நைனா கத்துறாரே... அதுக்கு இன்னா குடுக்கப் போற?”

“அவ்வளவு சத்தமாவா கேக்குது?”

“இன்னா?” என்றார் மாமா.

மாமாவை உள்ளே அழைத்து, நைனாவின் நாற்காலியை செட்டுக்கு நேர் எதிரே திருப்பிப் போட்டேன்.